தடுப்புச் சுவரில் ஒரு வழி

"நில்லுங்க... நில்லுங்கன்னு சொல்றேன்ல... ஐயோ!"

ரிஃப்கா கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஐப்பசி மழை பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்த ஒரு காலை நேரத்தில், படித்துறைச் சாலையின் ஓரத்தில் சைக்கிள் பாதைக்காகப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டு, அது காய வேண்டுமே என்று வானத்தைப் பார்த்தபடி அவள் காவல் நின்றிருந்தாள். அந்தப் பச்சையின் மேல் ஒரு ஸ்கூட்டர் ஏறி, வழுக்கி, அரைவட்டம் போட்டு நின்றது. பின்னால் கட்டியிருந்த மூட்டை அவிழ்ந்து புத்தம் புதுக் குடைகள் பெயிண்டில் உருண்டன.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? கயிறு கட்டியிருக்கோம்ல?"

"கட்டினீங்க மேடம். முன்னாடி போன லாரி அதை இழுத்துட்டுப் போயிடுச்சு. அதோ, சாக்கடையில கிடக்கு பாருங்க."

பார்த்தாள். கிடந்தது. எடுத்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"குடையெல்லாம் பாழாப் போச்சே..." என்றாள், குரலை இறக்கி.

"பாழா? கறுப்புக் குடை எல்லாக் கடையிலயும் கிடைக்கும். பச்சைப் புள்ளி போட்ட குடை தஞ்சாவூர்லயே முபாரக் கடையில மட்டும்தான்." குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியவன் நிமிர்ந்தான். வாய்தான் சிரித்தது. கண்கள்... பல நாள் தூங்காத கண்கள். ஓரம் சிவந்து, கீழே கருவளையம் கட்டி, ஆனாலும் எதிரில் நிற்பவரை முழுசாகப் பார்க்கிற கண்கள். இப்படி ஒருவர் தன்னைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று ரிஃப்காவுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

அவன் பார்வை சாலையோரம் அடுக்கியிருந்த சிமெண்ட் கட்டைகள் மேல் போயிற்று. "இதெல்லாம் எதுக்கு மேடம்?"

"சென்டர் மீடியன்ல பள்ளிவாசல் தெருவுக்கு எதிர ஒரு கேப் இருக்குல்ல... அதை அடைக்க."

வாயில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. எதிரிலேயே இருந்த தன் கடைக்கு மேலே மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதை மட்டும் அடைக்காதீங்க..." என்றான்.

"ஏன்?"

மறுபடியும் ஜன்னலைப் பார்த்தான். "இங்க வச்சு சொல்ல முடியாதுங்க."

"காரணம் சொல்லாமக் கேட்டா அதுக்குப் பேரு பிடிவாதம்" என்றாள் ரிஃப்கா. அவன் குடைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

படித்துறைச் சாலையைப் பார்த்தவர்களுக்கு, அதைச் சீரமைக்கும் திட்டத்தில் பொறியாளரான அவள் வேலையின் கஷ்டம் புரியும். பழைய பேருந்து நிலையத்தில் தொடங்கிப் புது ஆற்றுப் பாலம் வரை ஒரே நெரிசல். திருப்பனந்தாள் பஸ்ஸும் வேதாரண்யம் பஸ்ஸும் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றும். நெல் லாரி அதன் பின்னால் நின்று உறுமும். நடக்கிறவர்களுக்கு என்று இருந்த நடைபாதையில் கடைகளின் சாமான் உட்கார்ந்திருக்கும், மனிதர்கள் சாக்கடை மூடியின் மேல் நடப்பார்கள். அகலம் என்னவோ அதே அகலம்தான். அதை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் நியாயமாகப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். பாகப்பிரிவினை பண்ணி நல்ல பேர் எடுத்தவர் யார்? கார்க்காரர்கள் திட்டினார்கள், கடைக்காரர்கள் திட்டினார்கள், பங்கு கிடைத்த சைக்கிள்காரர்கூடப் பெயிண்ட் வழுக்குது என்று திட்டினார்.

அதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. அவளுக்குப் பெரிது அந்தத் திறப்பு. நடுச்சுவரை யாரோ எப்போதோ உடைத்து உண்டாக்கிய வழி அது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அஸர் தொழுதுவிட்டு அந்தத் திறப்பின் வழியாகச் சாலையைக் கடந்த அவளுடைய அத்தா மீரா சாகிப்பை ஒரு பஸ் அடித்துப்போட்டது. சென்னையில் வேலையாக இருந்தவள் ஓடி வந்தபோது பார்க்கக் கிடைத்தது வெள்ளைத் துணிக்குள் ஒரு முகம்தான். ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு அவரைத் தூக்கிப் போனார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. அடக்கத்துக்குப் போகிற அத்தாவின் பின்னால் வாசல்படி வரைக்கும்தான் ஒரு மகளால் போக முடிந்தது.

அந்தத் திறப்பை அடைப்பதற்காகத்தான் இந்த வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். இன்னொரு வீட்டு அத்தா அங்கே விழக்கூடாது. இதை அலுவலகத்தில் ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை.

கட்டைகள் அடுத்த வாரமே திறப்பில் ஏறின. இடுப்பு உயரச் சுவர், ஓட்டை உடைசல் இல்லாமல் நீண்டு கிடந்தது. சாலையைக் கடக்க வேண்டுமென்றால் பாலத்து சிக்னல் வரை நடக்க வேண்டும். பலர் நடக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரேறிக் குதித்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், போகப் போகப் பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முபாரக் பகையாளி மாதிரி நடந்துகொள்ளவில்லை. அதுதான் வினை. மழை பிடித்துக்கொண்டால் கடைக்குள்ளிருந்து குரல் வரும்.

"மேடம்... ரோட்டை நீங்க பார்த்துக்கறீங்க சரி, உங்களை யாரு பார்த்துக்கறது? உள்ள வந்து நில்லுங்க."

"நான் நனைஞ்சா உங்களுக்கென்ன?"

"குடைக்கடை வாசல்ல ஒருத்தங்க நனைஞ்சுக்கிட்டு நின்னா வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"

சிரித்துவிடுவாள். ஷார்ஜாவில் வேலை பார்த்தவன் அம்மா படுத்த படுக்கையானதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தான் என்பதும், ராத்திரியெல்லாம் மூச்சுத் திணறும் அம்மாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. ஒருநாள் அந்த அம்மா, ரசியா பேகமே, அவளை மாடிக்கு அழைத்து வரச் சொன்னார். எலும்பும் தோலுமாக ஜன்னலோரம் கிடந்தவர், அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு கீழே நடைபாதையைக் காட்டினார்.

"நல்லாயிருக்கும்மா... இப்பதான் சனங்க முகத்தை நிமித்தி நடக்குதுங்க..." என்றார். அந்தப் பேச்சுக்கே மூச்சு வாங்கியது. அறையின் மூலையில் நின்ற முபாரக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். படி இறங்கும்போது ரிஃப்காவின் கால்கள் தரையில் பாவவில்லை... மாட்டிக்கிட்டேடி, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த மயக்கம் கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டம் வரைக்கும்தான்.

சாலையோரக் குடும்பங்களையும் கடைக்காரர்களையும் கூட்டி, திட்ட அலுவலகம் கருத்துக் கேட்ட கூட்டம் அது. ரிஃப்காவின் மேலதிகாரி சிவசங்கரன் மேடையில் இருந்தார். எல்லாரும் பார்க்கிங் பற்றிச் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு முபாரக் எழுந்தான்.

"மத்தபடி எல்லாமே நல்லாத்தான் இருக்கு. பள்ளிவாசல் தெரு எதிர்ல அடைச்ச கேப்பை மட்டும் திறந்து விடுங்க. எங்க சனத்துக்கு அது வேணும். ஏன்னா..."

அவனா? எல்லார் முன்னிலும் அவனா? ரிஃப்காவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது கேப் இல்ல, கொலைக்களம்! எங்க அத்தா மீரா சாகிப் அங்கதான் விழுந்தாரு. அதைத் திறக்கச் சொல்றவங்க என் மூஞ்சியப் பார்த்து சொல்லுங்க பார்ப்போம்!"

முபாரக் அவளைப் பார்த்தான். முதல் நாள் பார்த்தானே, அந்த மாதிரி முழுசாக... முகம் வெளிறிப் போயிற்று. பள்ளிவாசல் ஜமாஅத்தின் சித்தீக் மாமா ஏதோ சொல்ல எழுந்தார். முபாரக் அவர் கையை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தான். தானும் உட்கார்ந்தான்.

ஜெயித்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாளிலிருந்து கடையிலிருந்து குரல் வரவில்லை. அவன் திமிர் பிடித்து ஒதுங்குகிறான் என்று அவள் நினைத்தாள். நானாகப் போய்ப் பேசுவதாவது, என்று அவளும் விறைத்துக்கொண்டாள். கார்த்திகை பிறந்தது, மழை வலுத்தது. மாடி ஜன்னல் சாத்தியே கிடந்தது.

ரசியா பேகம் இறந்த செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது ரிஃப்கா பாலத்துப் பக்கம் வேலையில் இருந்தாள். போகலாமா, எந்த முகத்தோடு போவது என்று தடுமாறித் தடுமாறி அவள் குடைக்கடைக்கு எதிரே வந்து சேர்ந்த நேரம், பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஜனாஸா வெளியே வந்துவிட்டது.

உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் சுமந்த ஆண்கள் பள்ளிவாசல் தெருவிலிருந்து சாலைக்கு இறங்கினார்கள். முன்தோள் முபாரக்கினுடையது. கொட்டும் மழையில், கலிமா சொல்லிக்கொண்டே, நேராக நடுச்சுவரை நோக்கி வந்தார்கள்.

ஏன் இப்படி வருகிறார்கள்? பள்ளிவாசலுக்குப் பின்னால், பாலத்தடியாகப் போகிற ஆற்றங்கரை வழி இருக்கிறதே... அந்த வழியாகத்தானே போவார்கள்? அப்படித்தான் அவள் வாழ்நாளெல்லாம் நினைத்திருந்தாள். மையவாடி சாலைக்கு அந்தப் பக்கம் என்று தெரியும். எப்படிப் போவார்கள் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. வாசல்படியோடு நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஊர்வலம் சுவரின் முன்னால் வந்து நின்றுவிட்டது.

"வேன் வச்சு பாலத்தைச் சுத்திப் போயிடலாம்னு அப்பவே சொன்னேனே" என்று யாரோ சொன்னார்கள். முபாரக் வேண்டாமென்று தலையை அசைத்தான். சிலர் சுவரேறி அந்தப் பக்கம் குதித்தார்கள். சந்தூக்கைத் தோளிலிருந்து இறக்கி, கைமாற்றி, சுவருக்கு மேலே தூக்கினார்கள். நனைந்த சிமெண்டில் ஒருவர் கால் வழுக்கியது. சந்தூக்கு ஒரு பக்கமாகச் சரிந்து, அதன் தலைமாடு சுவரில் மோதியது.

"அம்மா...!"

உயிரோடு இருப்பவருக்கு அடிபட்டது போலத்தான் அவன் கத்தினான். அதே நேரம் அந்தப் பக்கப் பாதையில், இங்கே ஆட்கள் கடப்பார்கள் என்று எதிர்பார்க்காத ஒரு பஸ் வேகமாக வந்தது. ரிஃப்கா யோசிக்கவில்லை. இந்தப் பக்கப் பாதையைத் தாண்டி, சுவரேறிக் குதித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. பஸ் அவளிடமிருந்து கையெட்டும் தூரத்தில் நின்றது. டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார், திட்டட்டும். சந்தூக்கு மறுபடி தோளேறி மெல்லக் கடந்து போகும்வரை அவள் விரித்த கையை மடக்கவில்லை.

கூட்டத்தின் கடைசியில் வந்த சித்தீக் மாமா அவளருகே நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"ஆத்தங்கரை வழியில வீடு கட்டி அடைச்சு வருஷம் எத்தனையோ ஆச்சும்மா... எங்களுக்கு இது ஒண்ணுதான் வழி. உங்க அத்தாவையும் இப்படித்தான் கொண்டு போனோம். அன்னிக்கு முபாரக் லீவுல வந்திருந்தான். ரோட்டுல போய்க்கிட்டிருந்த பையன், யாரு என்னன்னே கேக்காம ஓடி வந்து தோள் கொடுத்தான். இந்த இடத்துலேர்ந்து மையவாடி வரைக்கும் அவன் தோளை மாத்தவே இல்ல. கூட்டத்துல நான் சொல்லத்தான் எந்திரிச்சேன்... அவன்தான் விடல."

மழை அவள் முகத்தில் அடித்துக்கொண்டேயிருந்தது. அத்தாவைக் கொன்ற வழி என்று அவள் அடைத்தது, அத்தா கடைசியாகப் போன வழி. அதைக்கூடத் தெரிந்துகொள்ளாத மகள்... பஸ் எத்தனை, லாரி எத்தனை, சைக்கிள் எத்தனை என்று எல்லாம் எண்ணினாளே!

நாற்பது நாள் துக்கம் கழியும்வரை ரிஃப்காவால் பொறுக்க முடியவில்லை. ஒரு மத்தியானம், பாதி ஏற்றிய ஷட்டருக்குக் கீழே குனிந்து கடைக்குள் போனாள். முபாரக் தாடி மண்டிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் அன்னிக்குச் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" அவன் குரலில் பழைய விளையாட்டு இல்லை. "முதல் நாள் நீங்க கேட்டப்ப மேல ஜன்னல் திறந்திருந்துச்சு. அம்மா மவுத்தானா இந்த வழிதான்னு, அம்மா காதுபடச் சொல்லணுமா? எங்க அத்தாவைத் தூக்கிட்டுப் போறத அந்த ஜன்னல்லேர்ந்துதான் அம்மா பார்த்தாங்க. என்னையும் அவரு போன வழியா, தோள்லயே கொண்டு போங்கடா, வேன்ல ஏத்தி ஊரைச் சுத்தாதீங்கன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்."

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமே..."

"நீங்க மீரா சாகிப் பொண்ணுன்னு அந்த நிமிஷம்தான் தெரிஞ்சுது. உங்க அத்தா விழுந்த இடத்தை வச்சு, ஊருக்கு முன்னாடி உங்களத் தோக்கடிக்க எனக்கு வாய் வரல." நிறுத்தினான். "உங்க மனசு நோகக்கூடாதுன்னு பார்த்தேன்... கடைசியில எங்க அம்மா தலையைச் சுவத்துல மோத விட்டுட்டேன். போங்க ரிஃப்கா. உங்களப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது."

முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னான். இப்படியா சொல்ல வேண்டும்... அவள் வெளியே வந்தாள்.

சிவசங்கரனிடம் நேராகப் போய் நின்றாள். "சார், அந்த இடத்துல சுவரை எடுக்கணும்."

"நீதானேம்மா அடைச்சே? சண்டை போட்டு அடைச்சே!"

"ஆமா சார். நான்தான். அத்தா போன துக்கத்துல வரைஞ்சேன், தப்பா வரைஞ்சேன். உடைச்ச ஓட்டையாவும் விடக்கூடாது, மூடவும் கூடாது. அந்த இடத்துல ரோட்டையே நடைபாதை உயரத்துக்கு ஏத்திடுவோம். அகலமா, தோள்ல சுமந்து போறவங்க இடிபடாமப் போற மாதிரி. முன்னாடியே சிக்னல்."

"ஊர்வலம் என்னிக்கோ ஒருநாள் போகும். அதுக்காக தினம் பஸ்ஸை நிறுத்தச் சொல்றியா?"

"தினமும் சனங்க சுவரேறிக் குதிக்குதுங்க சார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எங்க அத்தாவை அடிச்சது கேப் இல்ல. பஸ்ஸை நிறுத்த அங்க எதுவுமே இல்லாததுதான்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. மூன்று வருஷமாகத் தேடி அலைந்த குற்றவாளியை அன்றுதான் சரியாக அடையாளம் காட்டினாள். சிவசங்கரன் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த வேலை முடிய அறுவடைக் காலம் வந்துவிட்டது. கட்டைகளைப் பெயர்த்தபோது குடைக்கடை திறந்திருந்தது. முபாரக் வாசலில் நின்று பார்த்தான். மறுநாளும் நின்றான். சாலை மேடேறி, வெள்ளைப் பட்டைகள் விழுந்து, முதல் தடவையாக ஒரு வேதாரண்யம் பஸ் வேகம் குறைந்து மேட்டுக்கு முன்னால் பவ்யமாக நின்றபோது, அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டதை ரிஃப்கா பார்த்தாள்.

தையில் பெய்யக் கூடாத மழை அன்று பெய்துகொண்டிருந்தது. நெல்லெல்லாம் களத்தில் நனைகிறது என்று ஊரே சபித்த மழை. அவள் கடைக்கு முன் வந்து நின்றாள்.

"ஒரு உதவி கேக்கலாமா?"

அவன் தலையசைத்தான்.

"எங்க அத்தாவைத் தூக்கிட்டுப் போன வழியா என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் ஒரு தடவைகூட அந்த வழியா நடந்ததில்ல."

எதுவும் கேட்காமல் இறங்கி வந்தான். இருவரும் இடைவெளி விட்டு நடந்தார்கள். மேடேறியபோது இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. நடுவில் அவன் ஒரு நொடி நின்றான். "இங்கதான் நான் வந்து சேர்ந்துக்கிட்டேன்" என்றான். "முன்னாடி இருந்தவரு களைச்சுப் போயிருந்தாரு. உங்க அத்தா கனமாவே தெரியலீங்க..."

அவள் அழுதாள். அழுதுகொண்டே கடந்தாள். பிறகு ஒரு சந்து, ஒரு மரக்கடை, ஒரு திருப்பம். இவ்வளவுதானா? இவ்வளவு பக்கத்திலா இருந்தார் அத்தா? மையவாடி கேட்டில் அவள் நின்றுகொண்டாள். முபாரக் உள்ளே போய், ஈரப் புல்லுக்கு நடுவே ஒரு மண் மேட்டருகில் நின்று, இதுதான் என்று கையால் காட்டினான். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னும் புல் மூடாத ஒரு மேடு இருந்தது. அது யாருடையது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் சலாம் சொன்னாள்.

அவன் திரும்பி வந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு அழகாப் பேச வராது முபாரக்... நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல சந்தோஷமா ஒண்ணுமே நடக்கல. அந்தச் சத்தம் உங்க காதுலேர்ந்து போகுமான்னும் எனக்குத் தெரியல. ஆனா ஒருநாள் என்னையும் இந்த வழியாத்தான் கொண்டு வருவாங்க. அப்ப... முன்தோள் உங்களோடதா இருக்கணும்னு ஆசைப்படறேன்."

மழையில் நின்றபடி அவன் அவளைப் பார்த்தான். அந்தத் தூங்காத கண்கள்... அவை நிறைந்து வழிந்தன.

"யாருன்னே தெரியாத மனுசருக்குத் தோள் கொடுத்தேன்" என்றான். "அவரு பொண்ணுக்கு மாட்டேன்னா சொல்லுவேன்? ஆனா அதுக்கு உரிமை வேணும் ரிஃப்கா. கட்டிக்கிட்டு, கிழவன் கிழவியா ஆகற வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டுக் கூடவே இருந்தாத்தான் அந்த உரிமை வரும்."

"இருப்பீங்களா?"

"சத்தம் கேக்குது... இன்னமும் கேக்குது" என்றான். "ஆனா நீங்க பக்கத்துல இல்லாதப்பதான் அதிகமாக் கேக்குது. இருக்கேன்."